கை காட்டாத குழி

அஞ்சே முக்காலுக்கே பேரூர் தாண்டியாச்சு, இன்னும் சொல்லல. கிளம்பினதுல இருந்து வாய்க்குள்ளயே வச்சுட்டு வர்றேன். என்ன பெரிய சமாச்சாரம், நாலு வார்த்தை, குழியப் பாத்தேன், கை காட்டல, அவ்வளவுதான், பள்ளிக்கூடத்துப் புள்ளைகூட சொல்லிப்போடும். எனக்கு அம்பத்தாறு வயசு, கீழ பதினாலு பேரு வேலை பாக்கறாங்க, ஒரு சத்தம் போட்டா பட்டறையே அடங்கும், இந்த நாலு வார்த்தைக்கு நாக்கு எழ மாட்டேங்குது. பின்னால கிருபாகரன் வர்றான். எஞ் சைக்கிள் பின்சக்கரத்துக்கும் அவன் முன்சக்கரத்துக்கும் நடுவுல ஒரு முழம் இருந்தா அதிகம். திரும்பிப் பாக்க வேண்டியதே இல்ல, செயின் ஓடற சத்தத்துலயே தெரியுது, புது செயின், புது வண்டி, அலுமினிய வண்டி, நானே கூடப் போயி நின்னு பொறுக்கிக் குடுத்தது. விழுந்ததுக்கப்புறம் எட்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் ரோட்டுக்கு வர்றான். நம்ம குரூப்புல மத்தவங்க எல்லாம் முன்னாடியே போயிட்டாங்க, ஸ்டீபன்தான் சொன்னான், நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்கண்ணா, ஆலாந்துறை டீக்கடைல பாக்கலாம்னு. எல்லாருக்கும் எம்மேல அத்தனை நம்பிக்கை. காலைல இவனைக் கூப்பிடப் போனா கேட்டுக்கிட்ட இவன் சம்சாரம் சுகந்தி நிக்குது, நைட்டி மேல துண்டப் போட்டுட்டு, கண்ணு சிவந்து. அண்ணா, நீங்க இருக்கீங்கன்னுதான் அனுப்பறேன், உங்க பின்னாலயேதான் வரணும்னு சொல்லியிருக்கேன், அப்படின்னுது. நானும் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். அந்தப் புள்ளை மூஞ்சியப் பாத்து எப்படித்தான் தலைய ஆட்டுனேனோ.

காத்து எதிர்க்காத்து, லேசாத்தான் அடிக்குது, வெள்ளியங்கிரிப் பக்கம் மேகம் எறங்கி நிக்குது, மழை வராது. முன்னால போறவன்தான் காத்தை வாங்கணும், பின்னால வர்றவனுக்கு அவன் முதுகே மறைப்பு, அதனால பின்னால ஒட்டி வர்றதுல பாதிக்குப் பாதி சுகம். ஆனா அதுல ஒண்ணு இருக்குது. பின்னால வர்றவனுக்கு ரோடு தெரியாது. எம் முதுகும் டயரும்தான் தெரியும். அவன் கண்ண அவுத்து எங்கிட்டக் குடுத்துட்டு வர்ற மாதிரி. அதனால முன்னால போறவன் குழியப் பாத்தான்னா அந்தப் பக்கத்துக் கையக் கீழ இறக்கி விரல நீட்டணும், கல்லு கெடந்தா கைய ஆட்டணும், வண்டி நின்னா முதுகுக்குப் பின்னால கைய மடக்கிக் காட்டணும். இது தப்பவே கூடாது. சைக்கிள் எத்தனை விலைன்னாலும் சரி, கால்ல எத்தனை தெம்பு இருந்தாலும் சரி, கை காட்டத் தெரியாதவன் எங்கூட வரக்கூடாதுன்னு சட்டம் போட்டவனே நான்தான். குரூப்புல சேர்ற ஒவ்வொருத்தனுக்கும் மொத நாள் நின்னு நிதானமா சொல்லிக் குடுத்திருக்கேன். இவனுக்கும் குடுத்தேன், ஆறு வருசத்துக்கு முன்னால, வஉசி பார்க் பக்கத்துல. சரிங்ணா சரிங்ணான்னு கேட்டுக்கிட்டான். ஆறு வருசத்துல எத்தனை ஞாயித்துக்கிழமை, எத்தனை குழி, ஆயிரம் இருக்குமா, அத்தனைக்கும் கை காட்டியிருக்கேன். ஒண்ணே ஒண்ணுக்குத்தான் காட்டல. போச்சாதுன்னு விட்டுத் தள்ளு, ஆயிரத்துல ஒண்ணு யாருக்கும் தப்பும்னு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பாத்தாச்சு. தப்பிப்போச்சுன்னா பரவால்ல. தப்பல, அதுதான் கெரகம்.

இப்பக்கூடப் பாரு, கை தானா எறங்குது. ஒரு சின்ன ஓட்டை, உள்ளங்கை அகலம்கூட இல்ல, அதுக்கும் விரல நீட்டறேன். சாணிக்கு நீட்டறேன். யாரோ போட்டுட்டுப் போன எளநிக் கூட்டுக்கு நீட்டறேன். பின்னால இவன் சிரிக்கறது கேக்குது, ஏனுங்ணா சாணிக்கெல்லாம் கை காட்டறீங்க, நானென்ன கண்ணாடியிலயா செஞ்சிருக்கேன்ங்கறான். ஆமா, கம்முனு வா கண்ணுங்கறேன். இவன் சிரிப்பு அடிபடறதுக்கு முன்னாடி இருந்த மாதிரியேதான் இருக்குது, எடது கைதான் தோளுக்கு மேல போக மாட்டேங்குது. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர்ல எக்ஸ்ரே எடுக்கற வேலை இவனுக்கு, பெரிய படிப்பு இல்ல, நல்ல கை, நோயாளியத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கறதுல இவனை மாதிரி ஆளில்லைம்பாங்க. இப்ப தூக்க முடியறதில்ல. ரிசப்ஷன்ல உக்காந்து டோக்கன் குடுத்துட்டிருக்கான். இவனோட எலும்பு படத்த இவனே வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து, ரெண்டு எடம் போயிருக்குதுங்ணா, பிளேட்டு வைக்கணும்னு எனக்கே வெளக்கஞ் சொன்னான். நான் ஆப்பிள் வாங்கிட்டுப் போயிருந்தேன். ஒரு கிலோ ஆப்பிளக் கையில வச்சுட்டு நின்னேன், அவன் படத்தக் காட்டறான், அண்ணன் சொன்னதக் கேட்டிருக்கோணும்ங்கறான், சுகந்தி அந்தப் பக்கம் நின்னுட்டு ஆமாங்ணா, நீங்க தலைபாடா அடிச்சுக்கிட்டீங்க, இவரு கேட்டாரான்னு அழுவுது. அன்னைக்கே சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரில எதுக்கு, உடம்பு தேறட்டும்னு நெனச்சேன். அப்படித்தான் ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு.

இந்த அண்ணன் என்ன சொன்னான்? கார்பன் நாருல செஞ்ச சைக்கிள் வேண்டாம்னு சொன்னான். பம்ப்செட்டுக்கு அலுமினியம் ஊத்தறது எம் பொழப்பு, முப்பது வருசமா அந்தச் சூட்டுலயே நின்னிருக்கேன், உருகி ஊத்தி ஆறி வர்றப்ப அது எப்படியிருக்கும்னு மோந்து பாத்தே சொல்லுவேன். எங்க டீக்கடைப் பேச்சே இதுதான், கார்பனா அலுமினியமா, பதினோரு வருசமா ஓயாத பஞ்சாயத்து. கார்பன் எடை கம்மி, ரோட்டு அதிர்ச்சி கைக்கு ஏறாது, மேட்டுல பறக்கும்பான் ஸ்டீபன். நான் வுடுவேனா. அலுமினியம் அடிபட்டா நெளியும்டா, நெளிஞ்சா கண்ணுக்குத் தெரியும், கார்பன் உள்ளுக்குள்ள விரிசல் வுட்டுப் போயிருக்கும், மேல பெயிண்டு பளபளங்கும், ஒரு நாளைக்கு சொல்லாம கொள்ளாம உங்கள ரோட்டுல போட்டுரும்பேன். எல்லாரும் சிரிப்பாங்க, ஆனா பாதிப் பேரு எம் பேச்சுக்கு அலுமினியந்தான் வாங்குனாங்க. அந்தப் பெருமை இருக்குதே. இவனும் கேட்டான், மூணு வருசம் ஓவர்டைம் பாத்துச் சேத்து வச்சுட்டுக் கேட்டான், வாங்கட்டுமாண்ணான்னு. வேண்டாம்னேன். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் கேட்டான், வேண்டாம்னேன். மூணாந்தரம் கேக்கல, வாங்கிட்டான். வாங்கிட்டு நேரா எங்கூட்டுக்குத்தான் கொண்டாந்தான், பொட்டு வச்சு, ஹேண்டில்ல ஒரு முழம் மல்லிகப்பூ சுத்தி. கரும்பச்சை. எம் சம்சாரம் கோமதி ஆரத்தி எடுக்கட்டுமாங்கன்னு கேலி பண்ணுனா. நான் ஒத்த விரல்ல தூக்கிப் பாத்தேன். வந்துருச்சு. பூனைக்குட்டியத் தூக்கற மாதிரி வந்துருச்சு. உடனே கீழ வச்சுட்டேன், அது பொறாமைன்னு சொல்றதுக்கு இப்பத்தான் தைரியம் வருது. நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எம் வாயத் தொறந்து என்ன சொன்னேன், பாத்து, கீழ கீழ போட்டுறாதன்னேன். அவன் மூஞ்சி சுருங்குச்சு, ஒரு நிமிசம்தான், அப்புறம் சிரிச்சுட்டான்.

மாதம்பட்டி வந்தாச்சு. இங்க நிறுத்திச் சொல்லிரலாமா, பஸ் ஸ்டாப்புல ஆளு நிக்குது, பால்காரன் நிக்கறான், வேண்டாம், கொஞ்சம் தள்ளிப் போயிரலாம். பாத்தியா, மறுபடியும் சாக்கு. அன்னைக்கும் இதே ரோடுதான், திரும்பி வர்றப்ப. அதுக்கு முன்னாடி இருட்டுப்பள்ளம் தாண்டி மேட்டுல இவன் என்னைத் தாண்டிட்டான். ஆறு வருசத்துல மொத தடவை. அவன் ஒண்ணும் மெதப்புல தாண்டல, அப்படித் தாண்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். பக்கத்துல வந்து, மூச்சுகூட வாங்கல, திரும்பிப் பாத்து, வர்றீங்களாண்ணான்னு கேட்டான். அக்கறையா. கெழவனை ரோடு தாண்டி வுடற மாதிரி. பின்னால இருந்து எவனோ ஓன்னு கத்துனான், அண்ணா அலுமினியம் என்னாச்சுன்னு. டீக்கடைல எல்லாரும் அந்தப் பச்சை வண்டிய வரிசையா ஒத்த விரல்ல தூக்கித் தூக்கிப் பாக்கறாங்க, நான் பன்ன டீயில முக்கித் தின்னுட்டு ஒரு ஓரமா நிக்கறேன், எவனும் எங்கிட்ட ஒண்ணுங் கேக்கல. திரும்பறப்ப நானே முன்னால போறேன்னு போயிட்டேன், யாரும் போகச் சொல்லல. கோவம். கால்ல வந்த கோவம், முப்பத்தஞ்சு முப்பத்தாறு வேகத்துல மிதிக்கறேன், எறக்கம் வேற. இவன் எம் பின்னால வந்து ஒட்டிக்கிட்டான். அப்பத்தான் ஒரு சின்னப் பாலத்துக்கு அக்கட்டால, எடது பக்கம், தார் உள்வாங்கி சட்டி அளவுக்கு ஒரு குழி. நல்லாத் தெரிஞ்சுது. வெயிலு வந்துருச்சு, ஒரு நெழலும் இல்ல.

வேகமாப் போனேன், நேரம் பத்தலன்னு ஒரு மாசம் நெனச்சுட்டிருந்தேன். நேரம் இருந்துச்சு, நான் வண்டிய நிதானமா ஒடிச்சுத் தாண்டுனேனே, ஒடிக்க நேரம் இருக்கறவனுக்குக் காட்ட நேரமில்லையா. கை பிரேக்குல இருந்துச்சுன்னு அப்புறம் ஒரு மாசம். பிரேக்கே புடிக்கல. மறந்துட்டேன்னு ஒண்ணு, அதுதான் ரொம்ப நாள் ஓடுச்சு, வயசாச்சு, மறந்துட்டேன், மனுசன் மறக்க மாட்டானா. மறக்கல சாமி. கை எறங்க ஆரம்பிச்சுது. எடது கை ஹேண்டில வுட்டு ஒரு விரக்கடை எறங்குச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, அதை நான் திரும்ப எடுத்து வச்சேன். ஒரு தட்டுத் தட்டட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன், விழோணும்னு நெனக்கல, அந்த ஆண்டவன் சாட்சியா விழோணும்னு நெனக்கல, ஒரு டயரு வெடிக்கட்டும், ஒரு ரிம்மு நெளியட்டும், எம் பேச்சு ஒருக்கா நெசமாகட்டும், நாளைக்கு டீக்கடைல எங்கிட்ட வந்து கேக்கட்டும். அதுக்குள்ள சத்தம் வந்துருச்சு. தேங்காய ஒடைக்கற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் தார்ல துணி இழுபடற சத்தம். நான் திரும்பி வர்றதுக்குள்ள ஸ்டீபன் அவன் தலைய மடியில எடுத்து வச்சிருந்தான். வண்டி முன்பக்கக் குழாய் ரெண்டா ஒடைஞ்சு நாரு நாரா நிக்குது, கருப்பா. ஸ்டீபன் அதப் பாத்தான், கார்பன் போயிருச்சேண்ணான்னான். நான் அந்த எடத்துல நின்னு, அவன் தோள் எலும்பு சட்டைக்குள்ள முட்டிட்டு நிக்கறப்ப, நான் சொன்னேன், நான் அப்பவே சொன்னேன்லன்னு சொன்னேன். நாக்கு அழுகியிருக்கோணும் எனக்கு. கார்பன் சொல்லாம ஒடையும்னு ஊரெல்லாம் சொன்ன ஆளு.

அதுலயும் நிக்கலியே. பெங்களூர்ல கார்பன் ஒட்டற ஆளு ஒருத்தன் இருக்கான், குடுத்தா புதுசு மாதிரி பண்ணிக் குடுத்துருவான்னு ஸ்டீபன் சொல்லி, இவன் ஆசையா எனக்கு ஃபோன் பண்ணுனான், அனுப்பட்டுமாண்ணான்னு. வேண்டாம், ஒருக்கா வுட்டது வுட்டதுதான், உனக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்குதுன்னேன். எனக்கென்ன பயம்னா அந்தாளு பாத்ததும் சொல்லிப்போடுவான், இது தானா ஒடைஞ்சதில்ல, எங்கியோ குழியில எறங்கி அடிபட்டு ஒடைஞ்சுதுன்னு. அப்புறம் இவன் யோசிப்பான், யாரு முன்னால போனதுன்னு. இவனுக்கு அந்த நிமிசம் ஒண்ணும் ஞாபகம் இல்ல. உங்க டயரப் பாத்துட்டே வந்தேனுங்ணா, அப்புறம் ஆஸ்பத்திரி ஃபேனுதான்ங்கறான். நல்லவேளைன்னு நெனச்சேன் நான். அதையும் நெனச்சேன். எட்டு மாசமா ஞாயித்துக்கிழமைன்னா மூணு மணிக்கே முழிச்சு உக்காந்துக்கறேன், கோமதி டாக்டரப் பாருங்கங்கறா. எந்த டாக்டரு பாப்பான் இத.

பாலம் வந்துருச்சு. எதிர்ப்பக்கம் அந்தக் குழிய மூடிட்டாங்க, புதுத் தாரு ஒரு சதுரமா கருப்பா இருக்குது. குழியில்லாத எடத்துல எனக்குக் கை எறங்குது. பின்னால இவன் இங்கதானுங்ணாங்கறான், சித்தெ நில்லுங்கங்கறான். நின்னோம். வண்டிய மரத்துல சாத்திட்டு ஓரக்கல்லுல உக்காந்து தண்ணி குடிக்கறான். எடது கையத் தொடைமேல வச்சுத் தேச்சுக்கறான். ஒரு எட்டு இந்த எடத்தப் பாத்துட்டா மனசு வுட்டுரும்னு நெனச்சேன், ஒண்ணுமே தோணலயேங்ணாங்கறான். அப்புறம் அவனே பேசறான், அந்த வண்டிய இத்தன நாள் மாடிப்படிக்குக் கீழ வச்சிருந்தேனுங்ணா, அதப் பாத்தா சுகந்தி எரிஞ்சு விழுகறா, எனக்கும் அதப் பாத்தா ஏமாத்திட்டுப் போனவன் மூஞ்சியப் பாக்கற மாதிரி இருந்துச்சு, போன வாரம் குப்பை வண்டியில போட்டுட்டேன். சொல்லிட்டு சிரிக்கறான். எனக்கு அந்தச் சிரிப்பப் பாக்க முடியல.

"கிருபா, அந்தக் குழிய நான் பாத்தேன். பாத்தும் கை காட்டல."

அவன் பாட்டில்ல மூடிய வச்சுத் திருகிட்டிருந்தான், திருகி முடிச்சான். மறந்துட்டீங்களான்னு கேட்டான். எத்தனை லேசா எனக்கு வழி வுடறான் பாரு, ஆமான்னு சொன்னா முடிஞ்சுது, வீட்டுக்குப் போயி இட்லி சாப்பிடலாம். இல்லன்னேன். வேணும்னேதான். உன் வண்டிக்கு ஒரு தட்டு விழட்டும்னு நெனச்சேன், உன் வண்டி மேல எனக்குப் பொறாமைன்னேன். கும்பிடறதுக்குக் கை வந்துச்சு, கும்பிட்டா அவன் மன்னிச்சுத் தொலைய வேண்டியிருக்குமேன்னு கீழ வுட்டுட்டேன். ஒரு டவுன் பஸ் போச்சு. அவன் அந்தக் கருப்புச் சதுரத்தப் பாத்துட்டே இருந்தான். திட்டுவான்னு பாத்தேன், செருப்பக் கழட்டுனாலும் வாங்கிக்கலாம்னுதான் இருந்தேன். அவன் எக்ஸ்ரேயில கோடு தேடற மாதிரி கண்ணச் சுருக்கிட்டு, ஒவ்வொண்ணாக் கேட்டான். வண்டி ஒடைஞ்சு நான் விழலையான்னு கேட்டான். இல்ல, குழியில எறங்கி விழுந்தே, விழுந்ததுலதான் ஒடைஞ்சுதுன்னேன். அலுமினியமா இருந்தாலும் விழுந்திருப்பேனான்னு கேட்டான். அப்பவும் நீ விழுந்திருப்பேன்னேன்.

"அப்ப அது நல்ல வண்டிங்களா?"

பதினோரு வருசத்துல எந்தக் கார்பன் வண்டியையும் நான் அப்படிச் சொன்னதில்ல. "நல்ல வண்டி கண்ணு. ரொம்ப நல்ல வண்டி"ன்னேன்.

எலும்பு முட்டிட்டு நின்னப்ப அழுகாதவன் அப்ப அழுதான். சத்தமில்ல, மூக்கு மட்டும் ஒழுகுது, தொடைக்கவும் இல்ல. முழுசா இருந்தா குப்பை வண்டியில ஏத்த மாட்டேன்னுட்டாங்க, ரம்பத்த வாங்கி நானே அறுத்தேன்னான். ஒத்தக் கையில அறுக்க முடியல, சுகந்தி புடிச்சுக்கிட்டா, அரை நாளு ஆச்சு, ஒடையவே மாட்டேன்னுச்சுன்னான். எந்திரிச்சு மூஞ்சியத் தண்ணியில அலம்புனான். வண்டிய எடுத்து ஊருப் பக்கமாத் திருப்பி, காலத் தூக்கிப் போட்டு ஏறுனான். நானும் கூட வர்றேன், சுகந்திகிட்ட நானே சொல்லிப்போடறேன்னு என் வண்டியத் திருப்புனேன்.

ஆறு வருசமா வாய் நிறைய அண்ணான்னு கூப்பிட்டவன் என்னைத் திரும்பிப் பாத்தான்.

"வேண்டாம் சார்"ன்னான்.